குறிப்பேட்டுக்கும் மூலப்பத்திரம் பார்த்தேன்: ஜோப்ளின் செயலி

ஜோப்ளின் என்று ஒரு குறிப்புச் செயலி. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று எல்லாவற்றிலும் ஓடும். இவ்வளவும் அதன் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்ல நான் தேவையில்லை. நான் பத்திர எழுத்தர். அருப்புக்கோட்டையில் தொழில். வீட்டுக்கு அடித்த வெள்ளையைப் பார்த்து மயங்காதீர்கள், மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பாருங்கள் என்று நாள் முழுக்கப் பிறருக்குச் சொல்பவன். தொழில் குறிப்புகளை எல்லாம் ஒரு செயலிக்குள் இறக்குவதற்கு முன்னால் அதே கண்ணோடுதான் இதையும் பார்த்தேன். எழுதியவர் யார், உரிமை எந்த நிபந்தனையில் இருக்கிறது, இடையில் திருத்தம் ஏதாவது உண்டா, நாளைக்கு நான் வெளியேற நினைத்தால் என் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வாசல் திறந்திருக்கிறதா?

என் குறிப்புகள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கிரயப் பத்திரம் பதிவாகி முடிவதற்குள் அந்தக் கட்சிக்காரரைப் பற்றி எத்தனையோ சங்கதிகள் சேர்ந்துவிடும். சர்வே எண், உட்பிரிவு, செண்டிலும் ஏரிலும் பரப்பு, நான்கெல்லை, பட்டா யார் பெயரில் நிற்கிறது, வில்லங்கச் சான்று எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை போட்டது, வாரிசுச் சான்றில் உள்ள முதலெழுத்துக்கும் ஆதாரில் உள்ள முதலெழுத்துக்கும் என்ன வித்தியாசம், டோக்கன் எந்தத் தேதிக்கு, சாட்சிகள் யார். போதாததற்குக் கட்டண விவரம் வேறு மாறிக்கொண்டே இருக்கும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பைக் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கி, மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தேதியில் எந்தக் கணக்கு என்பது கைவசம் இல்லாவிட்டால் பழைய பத்திரத்தைப் பற்றிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. இவை எல்லாம் பாதி வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட செய்திகளாகவும், மீதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய சீட்டுகளாகவும் கிடந்தன.

முதலில் வரலாறு. ஜோப்ளினை எழுதத் தொடங்கியவர் லோரான் கோசிக் என்ற நிரலாளர். 2017இல் வெளியே வந்தது. முதலில் வந்தது கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் வடிவம்; சன்னல்களும் பொத்தான்களும் உள்ள கணினிச் செயலியும் கைப்பேசிச் செயலியும் அதன் பின்னர் வந்தன. ஸ்காட் ஜோப்ளின் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரின் பெயரை வைத்திருக்கிறார். அவருடைய இசையை விரும்பிக் கேட்பாராம். 2020 முதல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் வழியே மாணவர்கள் இதில் வேலை செய்திருக்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் திருத்தங்கள் அனுப்புகிறார்கள். ஆனாலும் கடிவாளம் கோசிக் கையில்தான் இருக்கிறது. ஒரு ஆளை நம்பி நிற்பது பலமா பலவீனமா என்று கேட்டால், இரண்டும்தான்.

உரிமப் பத்திரத்தில் ஒரு திருத்தம் உண்டு. தொடக்கத்தில் எம்.ஐ.டி என்ற உரிமம். அதன்படி யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்து, மாற்றி, மூடி வைத்துத் தன் சரக்கு என்று விற்கலாம். 2022 டிசம்பரில் ஏ.ஜி.பி.எல் 3 என்ற உரிமத்துக்கு மாறுவதாக அறிவித்தார்கள். இதிலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றி வெளியிட்டவர், இணையத்தில் சேவையாக ஓட்டுபவராக இருந்தாலும், தன் மாற்றங்களை அதே நிபந்தனையோடு திறந்து வைத்தாக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், நிலம் யார் கைக்குப் போனாலும் நடைபாதை பாத்தியம் கூடவே போகும். பயன்படுத்துகிறவன் என்ற வகையில் இந்தத் திருத்தம் எனக்குச் சாதகமானது. சர்வர் என்ற ஒரு பகுதி மட்டும் தனி உரிமத்தில் இருக்கிறது; என்னைப் போன்றவர்கள் அதைத் தொடப்போவதில்லை.

இதை நான் இவ்வளவு துருவுவதற்குக் காரணம் இருக்கிறது. குறிப்புச் செயலிகளில் பெரிய பெயராக இருந்த எவர்நோட், 2016இல் இலவசக் கணக்கை இரண்டு சாதனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. பிறகு நிறுவனமே இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் கைக்குப் போனது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் என்று வரம்பு வைத்தார்கள். நிறுவனத்துக்கு அதற்கான நியாயம் இருக்கும். வாடகைக்கு விட்டவன் வாடகையை ஏற்றுவதைக் குறை சொல்ல முடியாது. குடியிருப்பவன்தான் ஒப்பந்தத்தை வாசித்திருக்க வேண்டும்.

இனி அனுபோகம் யாரிடம் என்ற கேள்வி. ஜோப்ளினில் எழுதும் குறிப்பு முதலில் நம் கணினியின் வட்டிலேயே ஒரு தரவுத்தளக் கோப்பில் உட்காருகிறது. இணையம் இல்லாவிட்டாலும் எழுதலாம், தேடலாம். கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைக்க, அதாவது இரண்டிலும் ஒரே குறிப்பு இருக்கும்படி செய்ய, ஒரு பொது இடம் வேண்டும். அது எது என்பது நம் விருப்பம். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், சாதாரண ஒரு கோப்புறை, அல்லது அவர்களே நடத்தும் கட்டணச் சேவையான ஜோப்ளின் கிளவுட். நான் டிராப்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். கணினியில் திருத்திய குறிப்பு இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ச் சேரும். கைப்பேசியில் மட்டும் செயலியைத் திறந்து வைத்தால்தான் இது நடக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை திறந்து, ஒத்திசைவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் போவது உத்தமம்.

அந்த டிராப்பாக்ஸ் கோப்புறையை ஒரு நாள் திறந்து பார்த்தேன். நான் வைத்த தலைப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 32 இலக்கப் பெயர். ஒன்றை நோட்பேடில் திறந்தால், ஜே.ஈ.டி.01 என்று தொடங்கி, தலையும் வாலும் புரியாத ஒரு நீளச் சரம். மறையாக்கத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி எழுத்தைக் குழப்பி வைக்கும் ஏற்பாட்டை, நான் இயக்கியிருந்ததுதான் காரணம். தலைப்பும் உள்ளடக்கமும் சுத்தமாக மறைந்திருக்கின்றன. குறிப்பின் அடையாள எண், எந்த நோட்டுப் புத்தகத்தைச் சேர்ந்தது என்பதற்கான எண், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது ஆகியவை மட்டும் வெளியே தெரிகின்றன. அதாவது, யாராவது அந்தக் கோப்புறைக்குள் நுழைந்தால் நான் ராத்திரி பதினோரு மணிக்கு வேலை பார்த்தேன் என்று தெரியும். யாருடைய நிலத்தைப் பற்றி என்று தெரியாது. என் தொழிலுக்கு இது போதும். இந்த மறையாக்கம் தானாக வராது, அமைப்புகளில் போய் நாம்தான் இயக்க வேண்டும். அப்போது கேட்கும் தலைமைக் கடவுச்சொல்லைத் தொலைத்தால் மீட்டுத் தர ஆள் கிடையாது. நான் அதைத் தாளில் எழுதி வங்கி லாக்கரில் நகையோடு வைத்திருக்கிறேன்.

பூட்டைப் பற்றிப் பேசும்போது ஓட்டையையும் சொல்ல வேண்டும். மறையாக்கம் என்பது வெளியே போகும் பிரதிக்குத்தான். என் கணினியின் வட்டில் இருக்கும் தரவுத்தளம் மறையாக்கப்படாமல்தான் இருக்கிறது. கணினிச் செயலியைத் திறக்கக் கடவுச்சொல் கேட்காது. குறிப்பிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் பூட்டும் வசதியும் இயல்பாக இல்லை. கைப்பேசியில் விரல்ரேகைப் பூட்டு உண்டு. மேசைக் கணினியை நாலு பேர் தொடும் அலுவலகங்களில் விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கும், வட்டு முழுவதற்கும் மறையாக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை. ஆதார் நகல், பான் நகல் ஆகியவற்றை நான் இதில் ஏற்றுவதே இல்லை.

தமிழில் எப்படி என்பதுதான் பலரும் என்னிடம் கேட்டது. யூனிகோடில் தட்டினால் எந்தக் குறையும் இல்லை. தட்டச்சு, அச்சு, பி.டி.எஃப் ஆக்குதல் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் எங்கள் தொழிலில் பழைய கோப்புகள் முக்கால்வாசி பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். அப்படியே ஒட்டினால் ஜோப்ளினில் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும், தேடலிலும் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று நான்கெல்லைப் பகுதியையாவது கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தேடலில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. ஜோப்ளின் முழுச் சொல்லாகத் தேடும். கிணறு என்று தட்டினால் கிணறு என்று எழுதிய குறிப்புகள் மட்டும் வரும். "கிணற்றில் பாதிப் பங்கு" என்று எழுதியது வராது. சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அந்தத் தொடக்கம் உள்ள சொற்கள் எல்லாம் வரும். பட்டா என்று தட்டி நட்சத்திரம் போட்டால் பட்டாவில், பட்டாதாரர் எல்லாம் கிடைக்கும். இதில் வேற்றுமை உருபு ஏறும் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்று. வாய்க்கால் என்று புள்ளியோடு முடித்து நட்சத்திரம் போட்டால் வாய்க்காலுக்கு என்பது வராது. ஏனென்றால் கணினிக்கு அந்தப் புள்ளியும் தனி எழுத்து. வாய்க்காலுக்கு என்பதில் அந்த இடத்தில் புள்ளி இல்லை, உகரக்குறி இருக்கிறது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு, வாய்க்கால என்று தட்டி நட்சத்திரம் போடுங்கள், வந்துவிடும். புள்ளியோடு அப்படியே நிற்கும் வாய்க்காலும் அதிலேயே அகப்படும். மரம், மரத்து என்று உருவமே மாறும் சொற்களுக்கு மர என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். மரபு, மரணம் எல்லாம் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தேடல் சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் சொல்லின் நடுவில் இருப்பதையும் தேடும் எளிய முறைக்கு மாறும். கடந்த ஏழு நாளில் திருத்தியவை, முடிக்காத வேலைகள், இந்த நோட்டுப் புத்தகத்துக்குள் மட்டும் என்றெல்லாம் வடிகட்டலாம். அந்தக் கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்தில்.

குறிப்பு எழுதும் முறை மார்க்டவுன். தலைப்புக்கு ஒரு குறி, தடித்த எழுத்துக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி என்று சாதாரண எழுத்துகளாலேயே வடிவம் கொடுப்பது. பழகினால் சுகமானது. ஆனால் பத்திரக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது. மூலப்பத்திர வரலாறு எழுதும்போது 1954 என்று ஆண்டைப் போட்டு, முற்றுப்புள்ளி வைத்து, "கிரயம், இன்னாருக்கு இன்னார்" என்று எழுதுவது நம் வழக்கம். அடுத்த வரியில் 1961, முற்றுப்புள்ளி, பாகப்பிரிவினை. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இருந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணிலிருந்து தானே வரிசையாக எண்ணிக்கொண்டு போகும். குறிப்பு எழுதும் இடம் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் நாம் தட்டியதையும் வலப்பக்கம் அது வடிவம் பெற்றதையும் காட்டும். அந்த வலப்பக்கக் காட்சியில் 1954க்கு அடுத்த வரி 1955 என்று நிற்கும்! இடப்பக்கத்தில் நாம் தட்டியது மாறாமல் 1961 என்றே இருக்கும் என்பது ஆறுதல். இது ஜோப்ளினின் பிழை அல்ல, மார்க்டவுனின் விதி. ஆண்டுக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு எழுதினால் தீர்ந்தது. எந்தப் பயிற்சி வீடியோவிலும் இதை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் மளிகைப் பட்டியலையே உதாரணம் காட்டுகிறார்கள்.

குறி எதுவும் வேண்டாம், வேர்டில் எழுதுவது மாதிரி எழுத வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு திருத்தி இருக்கிறது. கணினிக்கு 2020இல் வந்தது. கைப்பேசிக்கு 2025இல்தான் வந்தது. ஒரே குறிப்பை இரண்டு திருத்திகளிலும் மாற்றி மாற்றித் திறந்தால் சில வடிவங்கள் தொலையலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வார்ப்புருக்களுக்கான, அதாவது முன்பே அடித்து வைத்த மாதிரிக் குறிப்புகளுக்கான, செருகுநிரல் (செயலியோடு தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) ஒன்று உண்டு. நான் அதிகம் நன்றி சொல்வது அதற்குத்தான். முன்பு செயலிக்குள்ளேயே இருந்த வசதியைப் பிரித்துத் தனிச் செருகுநிரல் ஆக்கினார்கள், அதன் பிறகு இன்னும் மெருகேறிவிட்டது. புதுக் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் "கிரயம்" என்ற வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கிறேன். ஒரு சிறு படிவம் எழும்: ஊர், சர்வே எண், நன்செய்யா புன்செய்யா மனையா, பேசிய தேதி. நிரப்பியதும் குறிப்பு தயார். அதில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு வரி காலியாக நிற்கும். கீழே வாங்க வேண்டிய தாள்களுக்குக் கட்டம் போட்ட பட்டியல். ஒவ்வொரு தாளும் கைக்கு வர வர ஒரு தட்டு தட்டினால் கட்டத்தில் குறி விழும். டோக்கன் தேதிக்கு அலாரம் வைத்தால் கைப்பேசியில் அடிக்கும்.

படம் சேர்ப்பதைப் பற்றி ஒரு சொல். புல வரைபடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து இணைக்கும்போது, படம் பெரிதாக இருக்கிறது, 1920 புள்ளி அளவுக்குச் சுருக்கட்டுமா என்று கேட்கும். கட்சிக்காரர் வீட்டு வாசல் படம் என்றால் சரி சொல்லுங்கள். வரைபடத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். சுருக்கினால் கோட்டின் மேல் எழுதியிருக்கும் பொடி அளவுகள் மங்கிவிடும். கைப்பேசி நிரம்பிவிடும் என்ற பயம் இருந்தால், இணைப்புகளைக் குறிப்பைத் திறக்கும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும்படி அமைக்கலாம். படத்திலும் பி.டி.எஃப்பிலும் உள்ள எழுத்தைப் படித்துத் தேடலில் சேர்க்கும் வசதி கணினியில் இருக்கிறது, அமைப்புகளில் இயக்கிக்கொள்ள வேண்டும். பழைய முத்திரைத்தாளில் கர்ணம் கையால் எழுதியதை அது படித்துவிடும் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.

புதுப்பிப்புகளுக்கு வருகிறேன். ஒரு செயலியின் குணம் விளம்பரத்தில் தெரியாது, ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று எழுதி வைக்கும் மாற்றப் பதிவில்தான் தெரியும். ஜோப்ளினுக்குக் கணினி, ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று தனித்தனியாக மாற்றப் பதிவு வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் புதியது, மேம்பட்டது, சரிசெய்தது, பாதுகாப்பு என்று வகை பிரித்துத் தொடங்கும். கடைசியில் அந்தப் பிரச்சினையின் எண்ணும், வெளியாள் செய்திருந்தால் அவர் பெயரும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் யார் புகார் செய்தார், என்ன வாதம் நடந்தது, எந்த வரி மாறியது என்பது வரைக்கும் பார்க்கலாம். வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணும் ஆண்டும் கட்சிகளின் பெயரும் வரிசையாக இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நிம்மதி. "பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் கூட்டப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் செயலிகளை நான் நம்புவதில்லை. எந்தப் பிழை, யாருடைய செயல்திறன்?

அந்தப் பதிவை வாசித்ததில் எரிச்சலும் உண்டு. நீக்கிய குறிப்பு போய்ச் சேரும் குப்பைத் தொட்டி என்ற அடிப்படை வசதி 2024இல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. செயலி வெளியாகி ஏழு ஆண்டு கழித்து! அதற்குள் செருகுநிரல், கட்டண மேகச் சேவை, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் வசதி என்று என்னென்னவோ வந்துவிட்டன. சமையலறை கட்டாமல் மாடி எழுப்பியிருக்கிறார்கள். இப்போது நீக்கியவை 90 நாள் தொட்டியில் கிடக்கும். திருத்தங்களின் பழைய பிரதிகளும் இயல்பாக 90 நாள் இருக்கும். அந்தக் கெடுவை நீட்டிக்கொள்ளலாம், நான் நீட்டியிருக்கிறேன். கைப்பேசியில் செருகுநிரல்கள் ஓடத் தொடங்கியதும் அதே 3.0இல்தான். பின்னர் 3.2இல் ஒரு குறிப்பைத் தனிச் சன்னலில் திறக்க முடிந்தது. வில்லங்கக் குறிப்பை ஒரு பக்கமும் வரைவை ஒரு பக்கமும் வைத்து ஒப்பிடுகிறவனுக்கு அது பெரிய வரம்.

பதிப்புகள் அடிக்கடி வருகின்றன. அமைப்புகளில் முன்வெளியீடுகளையும் (சோதனைக்காக முன்னதாக விடும் பதிப்புகள்) பெறலாமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொழிலுக்கு வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். புதியது வந்த அன்றே ஏற்றுவதும் தேவையில்லை. முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் விடுவார்கள். அன்றைக்கு என் கணினியில் எந்தப் புதுப்பிப்புக்கும் அனுமதி இல்லை, அது எவ்வளவு நல்ல புதுப்பிப்பாக இருந்தாலும் சரி. மற்ற நாளில் மாற்றப் பதிவை வாசித்து, ஜெக்ஸ் என்ற அவர்களுடைய காப்புக் கோப்பு ஒன்றை எடுத்து வெளி வட்டில் போட்டுவிட்டு, பிறகு ஏற்றுகிறேன். பெரிய மாற்றங்களின்போது ஒத்திசைவுக் கோப்புறையின் அமைப்பையே மேம்படுத்த வேண்டியிருக்கும். அப்போது எல்லாச் சாதனங்களிலும் புதிய பதிப்பு இருந்தால்தான் வண்டி ஓடும். கணினியை ஏற்றிவிட்டுக் கைப்பேசியை மறப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஜெக்ஸ் கோப்பு ஜோப்ளினுக்குத்தான் புரியும். ஆனால் குறிப்புகளை வெறும் மார்க்டவுன் கோப்புகளாக, நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு கோப்புறையாக, நாம் வைத்த தலைப்புகளோடு வெளியே எடுக்கவும் வழி இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். தமிழ்த் தலைப்புகள் சிதையாமல் வந்தன. வரைபடங்கள் தனிக் கோப்புறையில் வந்தன. நோட்பேடில் திறந்தால் வாசிக்க முடிகிறது. வாசல் திறந்திருக்கிறதா என்று கேட்டேனே, திறந்துதான் இருக்கிறது.

இதே வேலைக்கு அப்சிடியன் என்று இன்னொன்று உண்டு. ஷிடா லி, எரிக்கா சூ என்ற இருவர் 2020இல் தொடங்கியது. அது குறிப்புகளை முதலிலிருந்தே கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாக வைக்கிறது. அந்த விஷயத்தில் ஜோப்ளினைவிட நேர்மையான ஏற்பாடு என்பேன். பார்வைக்கும் அழகு. ஆனால் நிரல் திறந்ததல்ல, அவர்களுடைய ஒத்திசைவுச் சேவைக்குக் காசு. எனக்கு இலவச ஒத்திசைவும் மறையாக்கமும் ஒரே இடத்தில் வேண்டியிருந்தன. கூகுள் கீப் நல்ல செயலிதான், பால் பாக்கெட் வாங்க நினைவூட்டுவதற்கு.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு ஜோப்ளின் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, மூன்று பத்தி, அதில் எழுத்து, அதில் எழுத்து. கண்ணுக்கு ஒன்றுமே இல்லையே" என்றாள். வாஸ்தவம். இடப்பக்கம் நோட்டுப் புத்தகங்கள், நடுவில் குறிப்புத் தலைப்புகள், வலப்பக்கம் குறிப்பு. எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றலாமே தவிர, ஆளை மயக்கும் வேலைப்பாடு எதுவும் கிடையாது. கைப்பேசியில் அட்டவணை போடுவது பாடாய்ப் படுத்தும். அதைக் கணினிக்கு ஒத்திப்போடுவதே மேல். குறிச்சொற்களுக்குள் குறிச்சொல் வைக்க முடியாது. நோட்டுப் புத்தகத்துக்குள் நோட்டுப் புத்தகம் வைக்கலாம், ஆகவே ஊர், அதற்குள் ஆண்டு என்று நான் அடுக்கியிருக்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இதைத் தயக்கத்தோடுதான் சொல்வேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை இன்னொருவரோடு பகிர வேண்டுமென்றால் ஜோப்ளின் கிளவுட் வேண்டும், அல்லது அவர்களுடைய சர்வரை நாமே நிறுவி ஓட்ட வேண்டும். அப்படிப் பகிர்ந்தாலும் இருவரும் ஒரே குறிப்பில் ஒரே நேரத்தில் எழுத முடியாது. எழுதினால் ஒருவருடைய பிரதி "முரண்பாடுகள்" என்ற தனி நோட்டுப் புத்தகத்தில் போய் விழும், உட்கார்ந்து ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நான்கெல்லையை நான் மட்டும் எழுதுவது என்றும், தாள்களின் பட்டியலை அந்தப் பெண் வேறொரு குறிப்பில் வைத்துக்கொள்வது என்றும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அவளுடைய குறிப்பு இன்னும் கீப்பில்தான் இருக்கிறது, மஞ்சள் நிறத்தில்.